மற்றவை

மாலை ஐந்துக்குள் மறுத்துவிட்டால்
கட்டிய ஐம்பதாயிரத்தில் நாற்பது திரும்பும்.
இப்போது நாலு பத்து.
அப்பா செவ்ரி கிடங்கிலிருந்து
இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.
அனுப்பிட்டியா என்றல்ல,
சாப்ட்டியா என்று.

திரையில் காரணம் கேட்கிறார்கள்.
பணம். தூரம். உடல்நிலை. வேறு படிப்பு. மற்றவை.
ஒன்றைத்தான் தொடலாம்.

பவாய் வளாகம் அழகாகத்தான் இருந்தது.
ஏரிக்காற்று, கண்ணாடிச் சுவர்,
கை நீட்டினால் தானே திறக்கும் குழாய்.
புதியவர்களை வட்டமாக உட்காரவைத்து
மைக்கைச் சுற்றில் விட்டார்கள்.
ஆளுக்குப் பத்து நொடி:
பெயர், ஊர், பிடித்த சாப்பாடு.
எனக்கு முன்னால் பதினோரு பேர்.
ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டே
வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன்.

த என்றேன்.
த
த
பல்லுக்குப் பின்னால் நின்றுவிட்டது,
தாதர் பாலத்தில் எதிரெதிரே வந்து சிக்கிய கூட்டம் போல.
மைக் என் மூச்சை மட்டும்
அரங்கம் முழுக்கப் பெரிதாக்கியது.
ஒருங்கிணைத்த பெண் நல்லவள்தான்,
சிரித்தபடி கைகொடுத்தாள்:
தான்யா? வெல்கம் தான்யா!
எல்லாரும் கைதட்டினார்கள்.
அட்டையில் எழுதிக் கழுத்திலும் மாட்டினார்கள்.
அன்று முழுக்க நான் தான்யா.
தான்யாவுக்குப் பனீர் பிடிக்குமாம்.
மூன்றாவது மணிநேரத்தில்
அது எனக்கே கொஞ்சம் வசதியாக இருந்தது.
அதுதான் பயம்.

வடாலாக் கல்லூரிக்குப் போனது
கொடுத்திருந்த சான்றிதழ்களைத் திரும்ப வாங்க.
பவாய் கிடைத்தவளுக்கு அது எதற்கு?
இரண்டே மாடி. படியெல்லாம் ஈரக்குடைகள்.
புள்ளியியல் துறைக்குக் கதவு உண்டு, பலகை இல்லை,
சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருந்தார்கள்.
அலுவலகத்து மராத்தி அம்மாள்
பதிவேட்டைத் திருப்பினாள்.
நாவ் காய்?

த

பேனா முனை தாளுக்கு மேல் அப்படியே நின்றது.
அவள் ஊகிக்கவில்லை.
தலையாட்டி உற்சாகப்படுத்தவும் இல்லை.
சன்னலுக்கு வெளியே பன்வேல் வண்டி வந்து,
ஆள் இறக்கி, ஆள் ஏற்றிக்கொண்டு போனது.
எனக்குப் பின்னால் ஒருவன்
ஈரச் சட்டையை உதறினான்.
அவள் பேனாவை மாற்றிப் பிடித்தாள்,
அவ்வளவுதான்.

தமயந்தி.

எழுதினாள்.
அப்பா பெயர்? என்றாள்.
அந்தக் கேள்வி அவ்வளவு சாதாரணமாக வந்ததில்
எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோனது.

இதை வீட்டில் சொல்லி முடிக்க
ஒரு மணிநேரம் ஆயிற்று.
இதுக்காகவா, என்றார் அப்பா.
ரேஷன் கடை வரைக்கும் சொல்லிட்டேனே.
பிறகு காலண்டர் தாளைக் கிழித்து
பின்பக்கம் கணக்குப் போட்டார்:
அண்டாப் ஹில்லிலிருந்து வடாலா நடந்தே போகலாம்,
பவாய்க்குப் பஸ், ரயில், மறுபடி பஸ்,
மூன்று வருஷத்தில் போகிற பத்தாயிரம் வந்துவிடும்.
வரவில்லை. நாலாயிரம் உதைத்தது.
டீ செலவு என்று ஒரு வரி சேர்த்து
நேராக்கினார்.

வடாலாவில் சேர்ந்தால் த சரியாகிவிடும் என்று
நான் நினைக்கவில்லை.
அந்த அம்மாளுக்கு வேறு பிரிவுக்கு மாற்றல் வரலாம்.
வகுப்பில் எவனாவது சிரிக்கலாம்.
பவாயில் படித்தவர்களுக்குக் கிடைக்கும் சம்பளத்தை
நானும் தேடிப் பார்த்திருக்கிறேன்,
ராத்திரியில், போர்வைக்குள்.

நாலு நாற்பது.
மற்றவை என்பதைத் தொட்டேன்.
கீழே ஒரு கட்டம் திறந்தது, இருநூறு எழுத்துக்கு.
விரலுக்குத் திக்குவதில்லை.
நிறைய எழுதினேன், அழித்தேன்,
பெயர் தவறு என்று மட்டும் விட்டு
அனுப்பினேன்.

நன்றி, தமயந்தி.
நொடியில் பதில் வந்தது.
இயந்திரத்துக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

மூன்றாவது முறையாக அப்பா.
சாப்ட்டியா?
சா என்றேன்.
சா
எப்போதும் முடித்துவைப்பவர்.
அந்தப் பக்கம் ஏதோ லாரி பின்னால் நகர்ந்து
பீப் பீப் என்பது மட்டும்
கேட்டுக்கொண்டே இருந்தது.